கடைமடை வரை

வெள்ளி, கல்லணை

பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா சென்ற ஆடி மாதம் காலமானார். ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட நீரொழுங்கியின் பலகைகளை மேலிடத்து உத்தரவுப்படி ஏற்றி இறக்குவதும், காலையும் மாலையும் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதுவதும், வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரையில் நடந்து காவல் காப்பதும் லஸ்கரின் வேலை. டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை; பிற ஊர்களிலிருந்து வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். அந்த வேலையில் அவருக்குப் பெரிய சம்பளமோ பதவி உயர்வோ கிடைக்கவில்லை. ஆனால் எந்தப் பறவை எந்த மாதம் எந்த மரத்தில் வந்து அடையும், எந்த வாய்க்காலில் முதல் மழைக்குக் குரவை மீன் எதிரேறி வரும், எந்தக் கரையில் மருத மரத்தின் வேர் மண்ணைப் பிடித்து நிற்கிறது என்பதையெல்லாம் அவரைவிட நன்றாக அறிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. அவருடைய வேலையையும் இயற்கையின்மேல் அவர் வைத்திருந்த அன்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்கு இன்றும் தெரியவில்லை.

அவர் வேலை பார்த்த இடங்களையும் நேசித்த இடங்களையும் தண்ணீர் போகும் வழியிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது தம்பியின் யோசனை. கல்லணையில் பிரியும் வெண்ணாற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போய், நீடாமங்கலத்தில் கோரையாற்றுக்கு மாறி, முத்துப்பேட்டையில் கடலைத் தொட்டு, அங்கிருந்து கோடியக்கரைக்குப் போவதாகத் திட்டம். மார்கழி இதற்கு ஏற்ற மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், சம்பா கதிர் வாங்கி நிற்கும், வடக்கேயிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. மேட்டூர் அணையை ஜனவரி 28ஆம் தேதி மூடுவது வழக்கம் என்பதால் ஆறுகளிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

கல்லணைக்கு வருகிறவர்கள் யானைமேல் அமர்ந்திருக்கும் கரிகாலன் சிலையருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களைச் சிறுவயதில் ஆடிப்பெருக்கன்று இங்கே அழைத்து வந்த அப்பா, முதலில் காட்டியது பாலத்துக்குக் கீழே இருந்த மணலை. அளவில்லாத ஆழத்துக்கு மணலே இருக்கும் ஆற்றில் பெரும் பாறைகளைப் போட, அடியில் ஓடும் நீர் மணலை அரிக்க அரிக்க அவை தாமாகவே அமிழ்ந்தன என்றும், அவற்றின்மேல் மேலும் மேலும் பாறைகளை அடுக்கியபோது ஒரு நிலைக்குப் பிறகு அவை அசையாமல் நின்றன என்றும், 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அந்த நுட்பத்தைக் கற்றுக்கொண்டு அதற்கு நன்றியும் தெரிவித்தார் என்றும் சொன்னார். ஆற்றை மறித்துச் சண்டையிடாமல், ஆறு செய்கிற அரிப்பையே அடித்தளம் இறக்குவதற்குப் பயன்படுத்திக்கொண்ட கட்டுமானம் என்பதால் கல்லணையின்மேல் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் ஆகிய மூன்றோடு, மேட்டூர் அணை முடிந்த 1934ஆம் ஆண்டையொட்டி வெட்டி முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாயும் சேர்ந்து இங்கே தண்ணீர் நான்காகப் பிரிகிறது. கால்வாயை அவர் கடைசி வரை புது ஆறு என்றுதான் சொல்லிவந்தார்.

இன்று கொள்ளிடத்துப் பக்கம் தண்ணீர் அதிகமில்லை. ஒரு கறுப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்குமேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, நேர் கீழே விழுந்து, வெறும் அலகோடு எழுந்து, மறுபடியும் அதே உயரத்துக்குப் போய் நின்றது. மற்ற மீன்கொத்திகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்து பார்த்துப் பாய்பவை. இதுதான் வழக்கமாக அந்தரத்தில் நின்று பார்க்கும் என்று அப்பா சொல்லித் தந்திருக்கிறார். இதே மணல்திட்டில் ஒரு விடியற்காலையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றை அவர் எங்களுக்குக் காட்டினார். இன்று நெடுநேரம் காத்திருந்தும் நீர்நாய் எதுவும் கண்ணில் படவில்லை.

சனி, வெண்ணாற்றங்கரை

திருவையாற்றில் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டோம். வழியெங்கும் படுகைகளில் பொங்கலுக்கான கரும்பும் மஞ்சளும் வாழையும் நின்றன. கரைக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள அந்த நிலத்தில் வெள்ளம் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டல் படிவதால், அங்கே விளையும் வாழையின் சுவையே வேறு.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, ஒரு நீரொழுங்கிக்கு அருகிலிருந்த துறைக் குடியிருப்பில்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்த ஓட்டு வீடு இப்போது கூரையின்றி நிற்கிறது. முற்றத்தில் அப்பா வைத்த நாவல் மரம் மட்டும் நன்றாக இருக்கிறது. அதன் அடியில் ஆடு மேய்ப்பவர்கள் இருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெற்குக் கரைக்கு நடந்தோம், ஏனென்றால் நான் பார்க்க வந்தது அந்தக் கரையைத்தான்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு கோடையில், அந்தக் கரையின் உட்புறச் சரிவில் பஞ்சுருட்டான்கள் கூட்டமாகக் குடியேறின. தேனீயையும் தட்டானையும் பறந்தபடியே பிடிக்கும் பச்சைநிறப் பறவை அது. செங்குத்தான மண்சரிவில் முழங்கை நீளத்துக்குத் துளையிட்டு, அதன் கோடியில் முட்டையிடும். ஆறு வறண்டு கிடக்கும் மாதங்கள்தான் அதற்குக் குஞ்சு பொரிக்கும் காலம். ஆனால் ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்துவிட்டால் மூன்று நான்கு நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அடுத்து வெண்ணாற்றில் இறங்கிவிடும். அதற்குள் கரையிலுள்ள எலி வளை, நண்டு வளை, பறவைத் துளை அனைத்தையும் அடைத்தாக வேண்டும். விரல் நுழையும் ஓட்டையில் கசியத் தொடங்கும் நீர், விடிவதற்குள் மாட்டு வண்டி நுழையும் உடைப்பாகிவிடும். அடுத்த நாள் ஊர் முழுவதும் மணல் மூட்டையோடு நிற்க வேண்டியிருக்கும்.

அந்த ஆண்டு அப்பா கரை வேலைக்கு வந்தவர்களிடம் மற்ற இடங்களையெல்லாம் முதலில் முடிக்கச் சொல்லிவிட்டு, பஞ்சுருட்டான் துளைகள் இருந்த பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மாலையும் எதிர்க்கரையில் உட்கார்ந்து, எந்தத் துளைக்குத் தாய்ப்பறவை இரை கொண்டு போகிறது என்று கவனிப்பார். இரை போவது நின்றுவிட்ட துளையின் வாயில் தென்னை ஈர்க்கு ஒன்றைக் குறுக்காக வைப்பார். இரண்டு காலை அது அசையாமல் இருந்தால் குஞ்சுகள் பறந்துவிட்டன என்று பொருள். உடனே களிமண்ணைப் பிசைந்து உள்ளே திணித்து, உலக்கையால் இடித்து இறுக்கிவிடுவார். கல்லணை திறந்துவிட்டதாகச் செய்தி வந்த அன்று மூன்று துளைகள் மிச்சமிருந்தன. அவற்றில் இரண்டு அன்று காலையே காலியாகியிருந்தன. மூன்றாவதில் ஈர்க்கு விழுந்து கிடந்தது. அந்த இரவு முழுவதும் அவர் உறங்கவில்லை. மறுநாள் பொழுது புலர்ந்த பிறகு குஞ்சு ஒன்று துளையின் வாயில் வந்து உட்கார்ந்தது, சற்று நேரம் கழித்து எதிரே இருந்த ஒதிய மரக் கிளைக்குத் தடுமாறிப் பறந்தது, அதன்பின் இன்னொன்றும் பறந்தது. அரிக்கேன் விளக்கை அணைக்கக்கூட மறந்து, களிமண் உருண்டைகளை நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் அந்தத் துளையை அடைத்து முடித்தார். அன்று மாலை தண்ணீர் வந்தது.

இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் அவரை இரக்கமுள்ளவர் என்று பாராட்டுவார்கள். இரக்கம் உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கரை உடைந்தால் யாருடைய வயல் மூழ்கும் என்பதை அவர் ஒரு நொடியும் மறக்கவில்லை என்பது. பறவைக்காகக் கரையையோ கரைக்காகப் பறவையையோ அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டையும் காப்பாற்ற எவ்வளவு உழைப்பு தேவையோ அவ்வளவையும் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு, வடுவூர்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் இருக்கிறது வடுவூர் ஏரி. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அந்தச் செய்தியை நான் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது அப்பாவுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னால் மறக்க முடியாது. இது காட்டுக் குளமல்ல, பாசன ஏரி. வாய்க்கால் வழியே காவிரித் தண்ணீர் வந்து நிரம்பினால்தான் வயலுக்கும் நீர் கிடைக்கும், பறவைகளும் வந்து தங்கும். அதாவது மேலே ஒரு லஸ்கர் பலகையை ஏற்றினால்தான் இங்கே நாரை முட்டையிடும். அப்பா அப்படித்தான் நினைத்தார்.

துறையின் பதிவேட்டில் நீர்மட்டத்தை அடியும் அங்குலமுமாக எழுதியதுபோக, சொந்தக் காசில் வாங்கிய கோடு போட்ட நோட்டுகளில் மற்றவற்றை எழுதி வைத்தார். புரட்டாசியில் வாலாட்டி வந்த நாள், தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக அமரத் தொடங்கிய நாள், பூவரசு இலை உதிர்த்த நாள், தூக்கணாங்குருவி கூடு பின்னத் தொடங்கிய ஈச்சமரம் எது என்பன போன்ற குறிப்புகள் அவற்றில் உள்ளன. கருத்தோ வருணனையோ ஒன்றும் இருக்காது. பார்த்த நாளும் பார்த்த இடமும் எண்ணிக்கையும் மட்டுமே இருக்கும். பெருங்கூட்டத்தை எண்ணுவதற்கு அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்று கண்ணால் பிடித்துக்கொண்டு, அந்த அளவைக் கொண்டு கூட்டம் முழுவதையும் பகுதி பகுதியாக அளந்துகொண்டே போவார். மறுகோடிக்குப் போய்விட்டால் அங்கிருந்து திரும்பவும் ஒருமுறை எண்ணுவார். இரண்டு கணக்கும் வெகுவாக வேறுபட்டால் எழுத மாட்டார்.

இன்று நாமக்கோழிகளும் ஊசிவால் வாத்துகளும் நீர்ப்பரப்பில் நிறைந்திருந்தன. கருவேல மரங்களில் சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், சிறகை விரித்துக் காயவைத்த பாம்புத்தாரா ஆகியவை இருந்தன. நான் வெகுநேரம் பார்த்தது நத்தைகுத்தி நாரையை. அலகின் நடுவே மூட முடியாத இடைவெளியுடன் பிறந்த பறவை என்று இரங்குகிறவர்கள் உண்டு. அந்த இடைவெளியுள்ள அலகைக் கொண்டுதான் அது நத்தையின் ஓட்டிலிருந்து சதையை வெளியே எடுக்கிறது. வயலில் இளம் நாற்றைத் தின்னும் நத்தைகளை இந்த நாரை பொறுக்கித் தின்றுவிடுவதால், இது இறங்கும் வயலில் மருந்து அடிக்காதீர்கள் என்று அப்பா விவசாயிகளிடம் கெஞ்சுவார். அதேவேளை, நீலத் தாழைக்கோழி நெற்பயிரைக் கடித்து நாசப்படுத்தும் என்று அவர்கள் குறைப்பட்டால் மறுக்க மாட்டார். அது உண்மை என்பார். தான் நேசித்தவற்றின் குறைகளை அவர் மறைத்துப் பேசியதே இல்லை.

திங்கள், நீடாமங்கலம்

மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் இடத்தில், அப்பாவோடு நீண்ட காலம் வேலை பார்த்தவரைச் சந்தித்தோம். அவரைச் சித்தப்பா என்றுதான் அழைப்போம். கண்பார்வை மங்கிவிட்டது, ஆனாலும் பலகைக்கு அடியில் நீர் பீறும் ஓசையைக் கேட்டே எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஏறக்குறையச் சொன்னார், அங்கே வேலையிலிருந்த இளைஞர் அதைச் சரிபார்த்துவிட்டு வியந்தார்.

“ராத்திரி ரோந்து போறப்ப நாங்கெல்லாம் டார்ச்ச நாலா பக்கமும் அடிப்போம்மா. அண்ணன் மட்டும் கரைய விட்டு வெளிச்சத்தத் தூக்க மாட்டாரு. புங்கமரத்துல மடையான் அடைஞ்சிருக்கும், வெளிச்சம் பட்டுக் கலைஞ்சா இருட்டுல எங்க போய் உட்காரும்னு கேப்பாரு” என்றார் சித்தப்பா. இது எங்களுக்குத் தெரியாத செய்தி. மேலும் ஒன்று சொன்னார். வாய்க்கால்களை அடைத்துக்கொண்ட நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் அகற்றும்போது, அவற்றில் கூடு வைத்திருந்த கானாங்கோழிகளுக்காக அப்பா ஓரத்தில் கோரையை விட்டு வைக்கச் சொல்வாராம். காட்டாமணக்கு போக வேண்டியதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

செவ்வாய், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில்

அப்பா பிறந்தது கடைமடையில். தாத்தா குத்தகை விவசாயி. மேலே எல்லாரும் பாய்ச்சியது போக எஞ்சியது வந்தால்தான் இங்கே நடவு. வராவிட்டால் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அதற்கென்றே இங்கே குழியடிச்சான் என்ற நெல் இருந்தது. நேரடியாக விதைத்தால் வறட்சியையும் கடலோர மண்ணின் உப்பையும் தாங்கி வளரும். அதிக விளைச்சல் தரும் புதிய ரகங்கள் வந்தபின் அதுவும் களர்பாலையும் பிற பழைய நெல்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. சிறுவயதில் தின்ற அந்தச் சோற்றைப் பற்றி அப்பா அடிக்கடிப் பேசுவார்.

ஓய்வு பெற்ற பிறகு ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவுக்குப் போய், மரபு நெல் விதைகளை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமனிடமிருந்து இரண்டு கிலோ குழியடிச்சான் விதை வாங்கி வந்தார். இரண்டு கிலோ வாங்குகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அதை மற்றவருக்குக் கொடுப்பார்கள் என்பதுதான் அங்கே ஏற்பாடு. இந்த ஏற்பாட்டால்தான் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகள் விவசாயிகளின் கைக்குத் திரும்பி வந்தன. அப்பா தன் நான்கு கிலோவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த நாளில், அவர் முகத்திலிருந்த நிறைவை அம்மா இப்போதும் சொல்வார். எங்கள் வயலில் இன்றும் குழியடிச்சான்தான் நிற்கிறது. சித்தப்பா மகன் பயிர் செய்கிறான். வயலின் நடுவே தென்னை மட்டையை நட்டு வைத்திருக்கிறான்; இரவில் ஆந்தை அதில் வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியது. எங்கள் ஊரில் தென்னைகள் சாய்ந்தன. தாத்தா காலத்து மாமரம் வேரோடு பெயர்ந்து கொல்லைச் சுவரின்மேல் விழுந்தது. மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 6ஆம் தேதி, ஜெயராமனும் நோயால் மறைந்தார். அந்தக் கார்த்திகை மாதம் முழுவதும் அப்பா எவருடனும் அதிகம் பேசவில்லை. பிறகு ஒருநாள், விழுந்த மரங்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்ற பனைகளைக் காட்டி, “இதத்தான் வெட்டிச் சூளைக்குப் போட்டோம்” என்றார். அடுத்து வந்த ஆவணியிலிருந்து பனம்பழக் காலம்தோறும் கொட்டைகளைச் சாக்கில் பொறுக்கிச் சேர்த்து, ஊர் வாய்க்கால் கரை நெடுகக் குழிபறித்துப் புதைத்தார். ஆடு கடிக்காதிருக்கக் கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் வைத்தார். கால் முட்டி வலித்த கடைசி ஆண்டுகளில் தம்பி குழிபறிக்க, அவர் கட்டையில் உட்கார்ந்தபடி கொட்டையை எடுத்துக் கொடுத்தார்.

இன்று அந்தக் கரையில் நடந்தோம். சில இடங்களில் வடலிகள் இடுப்பளவு விசிறியோலை விட்டிருக்கின்றன. சில இடங்களில் ஒன்றுகூட இல்லை. பொக்லைன் வைத்துத் தூர்வாரியபோது மண்ணோடு போயிருக்கின்றன. தூர்வார வேண்டியது அவசியம்தான். இருந்தாலும் வண்டியில் இருப்பவரிடம் ஊர்க்காரர் எவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளை கிளம்புவதற்கு முன் சித்தப்பா மகனிடம் கரையின் இரு முனையிலும் அடையாளக் கல் நடச் சொல்ல வேண்டும்.

புதன், முத்துப்பேட்டை

ஜாம்புவானோடையில் வனத்துறையின் அனுமதியோடு படகேறினோம். கோரையாற்றின் இரு கரையிலும் அலையாத்திக் காடு தொடங்கி, போகப் போக நெருங்கி, முடிவில் கடலோரத்தில் பரந்த காயலாகத் திறக்கிறது. இங்கே எல்லாரும் அதை லகூன் என்கிறார்கள். காடு பெரும்பாலும் வெண்கண்டலால் ஆனது. சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சு வேர்கள் நேராக மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. காற்றுப் புகாத சேற்றில் வேர் மூச்சுவிட வேறு வழியில்லை. அப்பா எங்களை முதன்முதலில் இங்கே அழைத்து வந்தபோது, ஓர் இலையைப் பறித்து நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. வேரால் உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. இன்று தம்பி தன் மகனுக்காக அந்த இலையைப் படம் பிடித்துக்கொண்டான்.

பணியின் கடைசி ஆண்டுகளில் அப்பா, கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்கும் ஒரு கடைமடை நீரொழுங்கியில் இருந்தார். வெள்ளக் காலத்தில் அதன் பலகைகளை முழுவதும் ஏற்றிவிட்டு, நீர் கடலை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போதெல்லாம் வருகிறவர் போகிறவர் எல்லாரும், இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே என்று அங்கலாய்ப்பார்கள். கடைமடையில் பிறந்து, தண்ணீருக்காகக் காத்துக் கிடந்த குடும்பத்தில் வளர்ந்தவர் அப்பா. அந்த வருத்தம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தப் பேச்சை அவர் ஏற்றதில்லை. “மேல இருக்கிறவனுக்குக் கீழ இருக்கிறவன் குடிக்கிறது வீணாத்தான் தெரியும்” என்பார். கல்லணைப் பக்கத்தில் இருப்பவருக்குத் திருத்துறைப்பூண்டிக்குப் போகும் நீர் மிகுதியாகத் தோன்றுகிறது; திருத்துறைப்பூண்டிக்காரருக்கு முத்துப்பேட்டைக்குப் போவது மிகுதியாகத் தோன்றுகிறது. இந்தக் காட்டுக்கும் முறைத் தண்ணீர் உண்டு என்பதே அவர் வாதம்.

அதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன. மழையும் ஆற்று நீரும் குறைந்த கோடையில் இந்தக் காயலின் உப்பு கடலின் உப்பையும் மிஞ்சிவிடுகிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் கண்டலின் முளைகள் பிடிப்பதில்லை. நின்ற மரங்களும் குட்டையாகிப் போகின்றன. நல்ல நீரும் உப்பு நீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் மடவையும் கொடுவாவும் குஞ்சாக இருந்து வளர்கின்றன. அவை வளர்ந்து கடலுக்குப் போனால்தான் வலை விரிப்பவர் வீட்டில் அடுப்பு எரியும். முன்பு இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு வெட்டியபோது, வெயில்பட்ட நிலம் காய்ந்து தாழ்ந்து, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்புத் தட்டாகிவிட்டது. பிற்காலத்தில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, அலையேறும்போது நீர் உள்ளே வரவும் இறங்கும்போது வெளியே போகவும் வழி செய்த பிறகே அங்கே மறுபடியும் கண்டல் பிடித்தது. தண்ணீர் ஓரிடத்துக்கு வருவதைப் போலவே அங்கிருந்து வெளியேறுவதும் முக்கியம் என்பதை ஒரு லஸ்கருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கால்வாய்களைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, “நம்ம வேலைய இங்கயும் செஞ்சிருக்காங்க” என்று பூரித்துப்போனார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காட்டின் பின்னால் இருந்த ஊர்கள் பெரிதும் தப்பின. கஜாவின்போது காட்டுக்கே பலத்த அடி. இன்று படகிலிருந்து பார்க்கையில், இலையற்று வெளுத்து நிற்கும் பழைய மரங்களுக்குக் கீழே இளங்கண்டல்கள் பச்சையாகப் படர்ந்திருந்தன. அவை எப்படி வளர்ந்து வந்தன என்று அப்பா நோட்டில் ஆண்டுவாரியாக எழுதியிருக்கிறார். கடைசிக் குறிப்பு அவர் படுக்கையில் விழுவதற்கு முந்திய தை மாதத்துடையது.

வியாழன், கோடியக்கரை

வேதாரண்யத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளங்கள். 1930இல் திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் நடந்து வந்து உப்பெடுத்த மண் இது. உப்பளப் பாத்திகளின் வரப்புகளில் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் ஓடி ஓடி இரை பொறுக்கின. இந்தச் சின்ன உள்ளான்களில் சில சைபீரியா வரை போய் வருபவை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, பறக்கவிட்டு வருகிறார்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலி வந்து தங்கிய இடம் என்று அப்பா அந்தப் பகுதியைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவார்.

1967இல் சரணாலயமான இந்தக் காடு உயரமில்லாதது. உலக்கைப்பாலை மரங்கள் நெருங்கி நிற்கும். கோடையில் அவற்றின் மஞ்சள் பழத்தை அப்பா துண்டில் முடிந்து கொண்டு வருவார். காட்டை அடுத்த புல்வெளியில் வெளிமான்கள் மேய்ந்தன. முதுகு கறுத்து, கொம்பு முறுக்கேறிய கலைமான் ஒன்று தலையை உயர்த்திக்கொண்டு மற்றொன்றைத் துரத்தியது. கஜாவில் இங்கே இறந்த மான்களைப் பற்றிக் கேள்விப்பட்டபோது அப்பா சாப்பிடாமல் எழுந்து போனது நினைவுக்கு வந்தது. எங்களோடு வந்த வனக்காவலர், சீமைக் கருவேலத்தை அகற்றிய இடங்களில் புல் திரும்பி வந்திருப்பதையும், குட்டிகளோடு பெண்மான்கள் அங்கேயே தங்குவதையும் காட்டினார்.

பூநாரைகளைப் பார்க்கச் சதுப்பு நிலத்துக்குள் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. நண்பகல் கடந்த பிறகு அவை தென்பட்டன. ஆழமில்லாத நீரில் தலைகீழாக அலகை அமிழ்த்திச் சேற்றை வடிகட்டியபடி, நீண்ட வரிசையாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. அப்பா இவற்றைப் பார்க்கும்போது பேச மாட்டார், எங்களையும் பேச விடமாட்டார். தம்பியும் நானும் அவர் முறைப்படி பத்துப் பத்தாக அளந்து எண்ணத் தொடங்கினோம். பாதியில் கூட்டத்தின் ஒரு பகுதி எழும்பி, சிறகின் உட்புறச் சிவப்பெல்லாம் தெரியச் சுற்றிவந்து வேறிடத்தில் இறங்கியது. கணக்கு கலைந்துவிட்டது.

இரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். பூநாரை வந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். வந்திருக்கிறது, கூட்டமாக இருக்கிறது என்றேன்.

“எத்தனைன்னு எண்ணுனியா?”

“எண்ண ஆரம்பிச்சோம்மா. நடுவுல பறந்துடுச்சு.”

“உங்கப்பா எண்ணாம வந்ததில்ல. நாளைக்குக் காலையில காத்து எழும்புறதுக்கு முன்னாடி போனா ஒரே இடத்துல நிக்கும். எண்ணிட்டு வாங்க.”

ஆகவே நாளையும் நாங்கள் கோடியக்கரையில்தான் இருப்போம்.